கண்ணுக்குப் பயந்து வந்த ஃப்ரிட்ஜ்

தமியாத்,
ஜூன் கடைசி வெள்ளி, ஜும்ஆ முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகள் நெஸ்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் நிம்மதி இல்லை, அதற்குக் காரணம் நீ. அங்கே நீயும் மாப்பிள்ளை ஹுஸாமும், வெளியே பேச்சே எடுக்கக் கூடாது என்று நீ சத்தியம் வாங்கி வைத்திருக்கிற அந்த மூன்றாவது ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்ல வேண்டியதை இந்த மனுஷன் எதற்குக் கடிதமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான். இந்த வாரம் மட்டும் இரண்டு தடவை வைத்தாய், கேட்டால் அஸ்வானில் சிக்னல் இல்லை என்கிறாய், நான் சத்தம் போடும்போது மட்டும் போய்விடுகிற சிக்னல் அது. கடிதத்தைக் கிழித்துப் போடலாம், ஆனால் படிக்காமல் கிழிக்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். பஸ்ஸில் போட்டுவிடும் பெட்டியில் வெள்ளைப் பாலாடைக்கட்டி டின்னுக்கு அடியில் இதை வைத்திருக்கிறேன். மேலே இருக்கும் மிஷப்பக் இனிப்பு உனக்கு இல்லை, ஹுஸாமுக்கு. டாக்டர் உன்னை சர்க்கரையைக் குறைக்கச் சொன்னதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே.

முதலிலிருந்தே வருகிறேன், ஏனென்றால் நீ எப்போதும் கடைசிச் சண்டையை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறாய். பிப்ரவரியில் நீ விஷயத்தைச் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டதைவிட அதிகமாகக் கணக்குப் போட்டேன், அது என் பிறவிக் குணம். விடுப்பில் இருக்கும்போது பள்ளிக்கூடத்துச் சம்பளம் வரும், சட்டம் இருக்கிறது, சரி. அந்தச் சம்பளம் எதற்குக் காணும்? மின்சாரக் கார்டுக்குப் பணம் ஏற்றி, கேஸ் வாங்கி, ரொட்டி வாங்கினால் மாதம் பாதியிலேயே மூச்சு முட்டும். உங்கள் வீடு ஓடுவது உன் டியூஷன் பணத்தில், இது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஹுஸாமுக்குத் தெரியுமா என்பதுதான் சந்தேகம். நீ படுத்துவிட்டால் டியூஷன் நின்றுவிடும், டியூஷன் நின்றால் வீட்டு வாடகை யார் கொடுப்பது? அதனால் அன்றைக்கே சொன்னேன், இன்று முதல் டியூஷன் பணம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள், இரண்டு பேர் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்திப் பார், மற்றதை உள்ளே வைத்துப் பூட்டு, கையில் காசும் சேரும், எங்கே இடிக்கிறது என்பதும் இப்போதே தெரிந்துவிடும், பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியிருக்காது என்று. நீ "சரிப்பா" என்றாய். என்ன அழகாகச் சொன்னாய் அந்தச் சரியை!

அடுத்த மாதமே மாப்பிள்ளை ஒரு தள்ளுவண்டி வாங்கி போட்டோ அனுப்புகிறார். பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போகிறவர் டீ குடிப்பதற்கு அதில் தனியாக ஒரு குழி வேறு இருக்கிறதாம். உங்கள் தெருவில் கழுதை வண்டியே மணலில் புதைந்து நிற்கிறது, அங்கே இதை யார் தள்ளுவது? அப்புறம் அறைக்குச் சாயம். ஏசி போட்டதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், அஸ்வான் வெயில் எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை பிறந்த ஏழாம் நாள் விழாவுக்கு இப்போதே தம்பட்டக்காரனுக்கு முன்பணம் கொடுத்தது எதற்கு? பெயர் அச்சடித்த கடலைப் பைக்கு ஆர்டர் கொடுத்தது எதற்கு? பெயரே இன்னும் முடிவாகவில்லையே, என்னத்தை அச்சடிக்கிறான் அவன்? விருந்தில் குறை வைத்தால் தன் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று ஹுஸாம் உன் அம்மாவிடம் சொன்னாராம். அவர் வீட்டார் ஒரு நாள் கடலை தின்றுவிட்டுப் போய்விடுவார்கள், அதற்கப்புறம் மாதக்கணக்காகக் கையைப் பிசைந்துகொண்டு உட்காரப்போவது யார்? இதைக் கேட்டால் நான் கஞ்சன். இருக்கட்டும், கஞ்சன்தான்.

நீ பணம் சேர்க்கமாட்டாய் என்று தெரிந்துபோனதால்தான் நான் அலுவலகச் சீட்டில் சேர்ந்தேன். மாதாமாதம் எல்லோரும் போடுவோம், ஒரு மாதம் ஒருவர் எடுப்போம், உனக்குத் தெரிந்ததுதானே, உன் கல்யாணக் கட்டிலும் அலமாரியும் அந்தச் சீட்டில் வந்தவைதான். என் முறையை எடுத்து அப்படியே உனக்கு அனுப்பிவிட்டால் நீ பிள்ளை பெற்று ஆறு மாதம் எந்தக் கவலையும் இல்லாமல் வீட்டில் இருக்கலாம் என்பது என் எண்ணம். குலுக்கலில் எனக்கு விழுந்தது கடைசி முறை. என் அதிர்ஷ்டம் எப்போதுமே அப்படித்தான். சீட்டுப் பிடிக்கிறது மேடம் இஃப்பத், அந்த அம்மாவை உனக்குத் தெரியும், மேசைமேல் கோப்புக்குப் பக்கத்தில் முலூக்கியாக் கீரையைப் பரப்பி வைத்து ஆய்ந்துகொண்டே அலுவலகத்தையே நடத்துகிறவர். அவருடைய சீட்டில் ஒரு நியாயம் உண்டு, கல்யாணமோ பிரசவமோ ஆபரேஷனோ வந்தால் குலுக்கலைத் தள்ளி வைத்துவிட்டு அவசரக்காரருக்குத்தான் முதலில். பிரசவம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபேச்சு இல்லாமல் முறை என் கைக்கு வந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைத்தான் நீ சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறாயே! பிள்ளை கையில் வரும்வரை ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, கண்ணு பட்டுரும்ப்பா என்று அழுது, குர்ஆன்மேல் என் கையை வைக்கச் சொன்னாய். வைத்தேன்.

மேடம் இஃப்பத் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார், "முறையை மாத்திக் கேக்கறீங்களே இன்ஜினியர் பய்யூமி, என்ன அவசரம்?" எனக்குப் பொய் சொல்ல வராது, இத்தனை வருஷமாக உன் அம்மாவிடம்கூட ஒழுங்காக ஒரு பொய் சொல்லித் தப்பித்ததில்லை. சுவரோரம் அலுவலக ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டு நின்றது, சட்டென்று வாயில் அதுதான் வந்தது. "நெஸ்மா வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சு மேடம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தண்ணிகூடக் குளிரலையாம், பால் திரிஞ்சு போகுதாம், பாவம் அந்த வெயில்ல" என்று நானாகவே இழுத்து இழுத்துச் சொன்னேன். அறையே உச்சுக் கொட்டியது. பணியாளர் பிரிவு ஷவ்கத் உடனே எழுந்து, "ஜூன் மொற என்னோடது, நீங்க எடுத்துக்குங்க இன்ஜினியர்" என்றார். அவர் அதைப் பல் கட்டுவதற்காக வைத்திருந்தார். மனுஷன் வருஷக்கணக்காக ரொட்டியை டீயில் ஊற வைத்துத்தான் சாப்பிடுகிறார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன், உனக்காக.

ஜூன் வந்தது. போன வாரம் நான் அலுவலகத்துக்குள் நுழைகிறேன், எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துச் சிரிக்கிறார்கள். தட்டில் ரோஜா சர்பத். கையில் கவர் வரும் என்று நான் நிற்கிறேன், மேடம் இஃப்பத் ஒரு கடை ரசீதை நீட்டுகிறார். "பணத்தைக் குடுத்தா நீங்க கடை கடையா ஏறி எறங்கி விலை கேட்டுக்கிட்டு நிப்பீங்க, அதுக்குள்ள வெயில் காலமே முடிஞ்சுரும். நாங்களே வாங்கிட்டோம். கொறைஞ்சதுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு பெரிசா ரெட்டைக் கதவா எடுத்தாச்சு. அஸ்வானுக்கு சோபா ஏத்திக்கிட்டுப் போற லாரியில விடியக்காலையில அனுப்பியும் ஆச்சு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஷவ்கத்தும் கை தட்டினார், பல்லில்லாத வாயெல்லாம் சிரிப்பு. நான் என்ன செய்ய முடியும்? சர்பத்தைக் குடித்தேன். என் மகளுடைய ஆறு மாத ஓய்வு லாரியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது, நான் நன்றி நன்றி என்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் குலுக்குகிறேன். வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டு சொன்னால் உன் அம்மா தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். சிரித்து முடித்ததும் அழுதாள். அவள் அழுததைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது.

சரி, இதுவரை நடந்தது என் தலையெழுத்து. இனிமேல் சொல்லப்போவதுதான் உன்மேல் எனக்கு இருக்கிற வயிற்றெரிச்சல். ஃப்ரிட்ஜ் வந்து சேர்ந்த அன்று நீ போன் செய்து என்ன சொன்னாய்? ஹுஸாமுக்கு ஒரே குஷி என்றாய், பழைய ஃப்ரிட்ஜை அவர் தங்கைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் என்றாய். கொடுக்கக் கூடாது, விற்க வேண்டும், விற்ற காசை உன் அம்மா பெயருக்கு அனுப்பு, உங்கள் வீட்டில் இருந்தால் அது இன்னொரு தள்ளுவண்டியாக மாறிவிடும். நான் பணம் போய்விட்டதே என்று புலம்பினேன், அதற்கு நீ சாதாரணமாக, கடைக்குப் போய் வெங்காயம் வாங்கி வருகிறேன் என்பதுபோலச் சொன்னாய், "விடுங்கப்பா, பிரசவம் வரைக்கும் வகுப்பெடுத்துட்டு, நாப்பது நாள் முடிஞ்சதும் நான் திரும்பவும் டியூஷன் சென்டருக்குப் போயிருவேன், ஆரம்பத்துலயே போகலன்னா பிள்ளைங்க வேற வாத்தியார்கிட்ட ஓடிரும், அப்புறம் அந்த வருஷமே போச்சு." அப்போதுதான் நான் கத்தினேன். அப்போதுதான் உன் சிக்னல் போயிற்று.

நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளி இறுதித் தானவிய்யாப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆகஸ்ட் கடைசியிலேயே வாத்தியாரைப் பிடித்துவிடுவார்கள், உனக்கோ செப்டம்பர் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள், ஒரு தடவை கைவிட்டுப் போன கூட்டம் திரும்பி வராது. எல்லாம் சரி. ஆனால் அந்த சென்டர் மூன்றாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது, போய் வர இரண்டு மைக்ரோபஸ். போன தடவை என்ன ஆயிற்று என்று நான் சொல்ல வேண்டுமா? சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் ரயிலைப் பிடித்து வந்து ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்கிறேன், வயிற்றுப் பிள்ளை போய் ஒரு நாள்கூட ஆகவில்லை, நீ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து மாணவர்களுடைய விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருக்கிறாய். என்னைப் பார்த்ததும், "நாளைக்குக் குடுக்கணும்ப்பா" என்றாய். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன், டீ வாங்கப் போகிறேன் என்றேன், டீ வாங்கவில்லை. நீ அந்த நாளைக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள், கண்ணேறு என்று சொல், விதி என்று சொல், உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் இந்தத் தடவை டாக்டர் உன் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, பிரசவத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஓய்வு ஓய்வு என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பேரன் பேத்தி வேண்டும்தான், அதைவிட என் மகள் வேண்டும். இதற்குமேல் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நீ போனை வைத்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போய் நேராக மேடம் இஃப்பத் மேசைக்கு முன்னால் நின்றேன். இதைப் படித்ததும் நீ கத்தப்போகிறாய், கத்தி முடித்துவிட்டு மேலே படி. "மேடம், நான் சொன்னது பொய். ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகல" என்றேன். அந்த அம்மா கீரை நறுக்கிய கத்தியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக, "அது இருக்கட்டும் இன்ஜினியர், உங்க நண்பரோட மகளுக்கு இப்ப எத்தனாவது மாசம்?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த நண்பர், எந்த மகள் என்றேன். அப்போது ஷவ்கத் தன் இடத்திலிருந்தே இருமினார். பிப்ரவரிக் குளிரில் நான் ஷவ்கத்திடம் போய், என் நண்பர் ஒருவரின் மகளுக்காகக் கேட்கிறேன், பள்ளிக்கூட ஆசிரியைக்குப் பிரசவ விடுப்பு எத்தனை மாதம், சம்பளம் முழுசாக வருமா, ஊக்கத்தொகையைப் பிடிப்பார்களா, பால் கொடுக்கும் தாய்க்கு வேலை நேரத்தைக் குறைப்பார்களா என்று ஒரு வாரம் விடாமல் கேட்டேனாம். "எந்த நண்பருக்காக நீங்க இப்படி அலைஞ்சிருக்கீங்க, உங்க நெருங்கின நண்பர் ஒருத்தர் ஆஸ்பத்திரியில கெடந்தப்பகூட நீங்க ரெண்டு தடவைதானே போய்ப் பாத்தீங்க" என்றார் மேடம். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது நெஸ்மா. அத்தனை பேருக்கும். கேட்டில் உட்கார்ந்திருக்கிற காவலாளிக்குக்கூட.

தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். மேடம் இஃப்பத் அதற்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போன தடவ நீங்க ரெண்டாம் மாசமே சந்தோஷத்துல சொல்லிட்டீங்க, நாங்களும் மிஷப்பக் வாங்கி ஊருக்கே குடுத்தோம். அப்புறம் அந்தச் சேதி வந்து நீங்க இந்த நாற்காலியில வந்து உக்காந்தப்ப ஒங்க மூஞ்சியப் பாக்க எங்களால முடியல. எங்க கண்ணுதான் பட்டுருச்சோன்னு நான் வீட்டுக்குப் போய் அழுதேன். அதான் இந்தத் தடவ நீங்களா வாயத் தொறக்கிற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி வெச்சேன்." ஃப்ரிட்ஜ் எதற்கு என்று கேட்டேன். "வயித்துப் பிள்ளையோட அந்த வெயில்ல குளிர்ந்த தண்ணிகூட இல்லாம கெடக்குதே பிள்ளைன்னுதான் அவசரமா அனுப்பினோம். கெட்டுப்போகலன்னு எங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கதான் பால் திரியுதுன்னு அழுதீங்களே!" என்றார். நான் அவர்களுக்குப் பயந்து மறைத்தேன், அவர்கள் எனக்காகப் பயந்து மறைத்தார்கள், நடுவில் இரட்டைக் கதவு போட்ட ஃப்ரிட்ஜ் ஒன்று எகிப்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. அதைத் திருப்பி வரவழைக்கவும் வழியில்லை, லாரி வாடகையில் பாதிப் பணம் போய்விடும், தவிர அதில் சாமான் நிரப்பி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அனுப்பிவிடு, வெறும் தண்ணீர் பாட்டிலை வைத்து எடுக்காதே.

நாற்பதாம் நாள் நீ சென்டர் படி ஏறப்போகிறாய் என்பதையும் அங்கேயே சொன்னேன். மேடம் இஃப்பத் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, "அவ என்ன பாடம் சொல்லிக் குடுக்கறா?" என்றார். கணிதம் என்றேன். "அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" நான்தான் என்றேன். "அப்புறம் என்ன?" என்றார். அவ்வளவுதான், திரும்பவும் கீரையை எடுத்துக்கொண்டார். நான் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன், வேலை ஓடவில்லை. எனக்கு எத்தனையோ வருஷத்து விடுப்பு எடுக்காமல் சேர்ந்து கிடக்கிறது, எடுத்து எங்கே போவது என்று எடுக்காமலே விட்டது, அதற்குச் சம்பளமும் பிடிக்கமாட்டார்கள். உன் அம்மா எப்படியும் நாற்பது நாளுக்கு அங்கே வரப்போகிறாள். நான் மட்டும் இங்கே தனியாக உட்கார்ந்து டின் மீன் தின்றுகொண்டு உனக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருக்க வேண்டுமா?

ஆகவே முடிவு இது, உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன். ஆகஸ்ட் மாதக் கடைசியில் உன் அம்மாவோடு நானும் வருகிறேன். உன் டியூஷன் பிள்ளைகளை உன் வீட்டு முன்னறைக்கு வரச்சொல், சென்டர்காரனுக்குப் போகிற பங்கும் மிச்சம். வகுப்பை நான் எடுக்கிறேன், குளிர்கால விடுமுறை வரைக்கும். பணம் உன்னுடையது, அதில் கடலைப் பைக்கும் தம்பட்டக்காரனுக்கும் ஒரு காசு கிடையாது என்பதை மாப்பிள்ளையிடம் நானே மரியாதையாகச் சொல்லிக்கொள்கிறேன். போன வருஷத்து வினாத்தாளை வாங்கி வைத்து அலுவலகத்தில் போட்டுப் பார்த்தேன், இயக்கவியல் நன்றாகவே வருகிறது, தொகையீட்டில் இரண்டு இடத்தில் கோட்டைவிட்டேன், புத்தகத்தையும் மாற்றித் தொலைத்திருக்கிறார்கள். ஆகஸ்டுக்குள் சரி செய்துவிடுவேன். நான் பிள்ளைகளைத் திட்டிவிடுவேன் என்று நீ சொல்வாய். திட்டுவேன். உன்னையும்தான் திட்டினேன், அழுதுகொண்டே சமன்பாடு போட்டாய், இன்று அதை வைத்துத்தான் சோறு தின்கிறாய்.

நேற்று வியாழக்கிழமை விடுப்புக்கு எழுதிக் கொடுக்க ஷவ்கத்திடம் போனேன். வாய்க்கால் தண்ணீருக்கு மனு கொடுக்க வந்த ஜனங்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஷவ்கத் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "காரணம் என்ன போடட்டும் இன்ஜினியர், நண்பரோட மகள்னு போடவா?" என்று கிண்டலாகக் கேட்டார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, உன் சத்தியம் ஞாபகம் வந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. "என் மகளுக்கு, நெஸ்மாவுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். உடனே தன் மேசையிலிருந்தே மேடம் இஃப்பத் குலவை விட்டார் பார், அந்த வயசில் அந்த மூச்சு எங்கிருந்து வந்ததோ! குளிர்காலத்திலிருந்து உள்ளே அடக்கி வைத்திருந்த குலவை அது. கணக்குப் பிரிவுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், மனுவோடு நின்றிருந்த யாரோ முன்பின் தெரியாத ஒரு விவசாயக் கிழவியும் என்ன ஏதென்று கேட்காமல் குலவை விட்டாள். ஷவ்கத் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டு, "என் சர்வீஸ்ல பிரசவ விடுப்பு எடுக்கிற மொத ஆம்பள நீங்கதான்" என்றார். எனக்குப் பயமாகவும் இருந்தது, கண்ணேறு படாமல் காக்கிற ஃபலக் சூராவை மனசுக்குள் ஓதிக்கொண்டேதான் நின்றேன். ஆனால் நெஸ்மா, அங்கே நின்றிருந்த ஒருவர் கண்ணிலும் பொறாமை இல்லை. நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். பாதிப் பேர் கண்ணில் தண்ணீர்தான் இருந்தது.

நான் சத்தியத்தை மீறியதற்கு உனக்குக் கோபம் வந்தால் கோபித்துக்கொள், படுத்துக்கொண்டே கோபித்துக்கொள். சத்தியத்துக்கு உண்டான பரிகாரத்தை நான் கொடுத்துக்கொள்கிறேன், பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு, உன் அம்மா சமைக்க ஒப்புக்கொண்டுவிட்டாள். சம்பளத்தை மட்டும் வைத்து வீடு நடத்துவதை இந்த மாதமாவது தொடங்கு. தள்ளுவண்டியைக் கடைக்காரன் திரும்ப எடுப்பானா என்று கேள், எடுக்காவிட்டால் அதில் அரிசி மூட்டையாவது வைத்துத் தள்ளுங்கள். ஹுஸாமுக்கு என் சலாம் சொல், நல்ல பிள்ளைதான், கையில் காசு நிற்கமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

இறைவன் உன்னை நோயில்லாமல் வைக்கட்டும், உன் வயிற்றில் இருப்பதை முழுசாக உன் கையில் தரட்டும், அதன் அழுகைச் சத்தத்தை என் காதால் கேட்க வைக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, பிள்ளைகள் முன்னால் என்னை அப்பா என்று கூப்பிடாதே, மரியாதை போய்விடும், உஸ்தாத் என்று கூப்பிடு. முன்னறைக்கும் உன் கட்டில் இருக்கிற அறைக்கும் நடுவில் உள்ள கதவைச் சாத்த வேண்டாம். நான் கரும்பலகையில் தப்பாகப் போட்டால் அங்கிருந்தே கத்து. எழுந்து மட்டும் வராதே.

உன்மேல் இன்னும் கோபமாகவே இருக்கிற,
உன் அப்பா
பய்யூமி